பன்னிரண்டு வரி

ஞாயிறு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு வரி தருவார்கள்.
விளம்பரம் வந்துவிட்டால் ஒன்பது.
கோல் யார், எத்தனையாவது நிமிடம்,
மழை பெய்ததா இல்லையா.
அதற்குமேல் ஃபிராய் பென்டோஸில் எவனும் படிப்பதில்லை
என்பார் ஆசிரியர் பெர்தூசோ,
மாத்தே உறிஞ்சும் குழலை வாயிலிருந்து எடுக்காமலே.

பதினோரு வருடம் எழுதினேன்.
பதினோரு வருடமும் ரிபேரா அணியின் ஐந்தாம் எண்
வில்மர் எச்செகோயென்தான்.
அவன் பெயரை நான் எழுதியதில்லை.

என்னவென்று எழுதுவது?
பந்து வந்தது, கொடுத்துவிட்டான் என்றா?

வாரம் முழுக்க மரக்கூழ் ஆலை வாசலில்
யூகலிப்டஸ் லாரிகளை எடைபோடுகிறவன்.
நிறைந்து வருவதையும் வெறுமையாய்த் திரும்புவதையும்
ஒரே முகத்தோடு குறித்துக்கொள்கிறவன்.
களத்திலும் அதே முகம்.
பந்து வருமுன்
இடத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலத்தோளுக்குப் பின்னால் ஒன்று,
முட்டையிட இடம் தேடும் கோழி மாதிரி.
பின்வரிசை பதறி உதைத்ததை
மார்பில் வாங்கிக் கீழே இறக்கி
அதன் படபடப்பு அடங்கியபின்
யாருக்கோ தருவான்.
அந்த யாரோ இன்னொருவனுக்குத் தருவான்.
இன்னொருவனின் பெயரை நான் எழுதுவேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவன் வரவில்லை.
பல்வலி.
மெர்செதெஸ்காரர்கள் வந்திருந்தார்கள்.
ஐந்தாம் எண்ணை மாட்டிக்கொண்டு ஒரு பையன் ஓடினான்,
நன்றாகத்தான் ஓடினான்,
எல்லாப் பக்கமும் ஓடினான்.
அவன் ஓடிய ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே
ஒரு வாசல் திறந்து கிடந்தது.
கால் மணி நேரத்தில்
முன்வரிசை ஓர் ஊர், பின்வரிசை ஓர் ஊர்,
இடையில் பாலமில்லாத ஆறு.
ஆற்றின் மேலே உயர உயரப் பறந்தது பந்து.
கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்
எங்கள் ஆட்கள், திருவிழாவில் வாணம் பார்ப்பதுபோல.
நாலுக்குப் பூஜ்யம்.

அன்றைக்குத்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன்,
அவன் வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது.

'அடித்தான்' என்று எழுதி எழுதித் தேய்ந்த கை இது.
அடி தெரியும். அடித்தவன் தெரியும்.
இடையில் நாக்கு பல்லைத் தொட்டு விலகும் அந்தத் 'த்',
அதுதான் நேற்றா நாளையா என்று சொல்கிறது;
அதை உருவிவிட்டால்
வாக்கியத்தில் எல்லோரும் இருப்பார்கள்,
எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்.
பெர்தூசோ பேனாவை எடுத்து அடித்தார்.
'ஆடாதவனைப் பத்தி எதுக்குய்யா?'

அக்டோபர். மறுபடியும் மெர்செதெஸ்.
ஒன்றுக்கு ஒன்று, எண்பத்தெட்டாவது நிமிடம்.
அவர்களின் இடக்கோடிக்காரன் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனான்,
எதிரே காவலன் மட்டும்.
வில்மர் அவன் சட்டையைப் பிடித்தான்.
மறைக்கவில்லை, நழுவியதுபோல் நடிக்கவில்லை,
துணிக்கொடியில் காய்ந்ததை எடுப்பதுபோல்
கைநிறையப் பிடித்து இழுத்தான்.
விசில் ஊதுமுன்பே
தலைவன் பட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.
ஆகஸ்டில் ஓடிய பையனின் கையில் அதை மாட்டி
எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தைக் காட்டினான்.
பிறகுதான் நிமிர்ந்து சிவப்பு அட்டையைப் பார்த்தான்.

பையன் அங்கேயே நின்றான். இரண்டு நிமிடம். ஆட்டம் சமன்.

திங்களன்று கடைசி வரியில் அச்சாகியிருந்தது:
வெளியேற்றம் – எச்கோயென்.

எடைமேடைப் பக்கம் போக நேர்ந்தது.
செய்தித்தாள் அவன் ஃபிளாஸ்குக்கு அடியில் கிடந்தது,
வட்டமாய் ஈரம் படிந்து.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
'நடுவில ஒரு எழுத்து விட்டுப்போச்சு' என்றான்,
லாரியின் எண்ணைச் சரிபார்ப்பதுபோல.
கோபமாக இருந்திருந்தால் தேவலை.

ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்த்தான்.
சாலையில் எதுவும் இல்லை.
சற்று நேரத்தில் ஒரு லாரி வந்தது.